லியாண்ட்ரோ அடித்த கிளியர்

எஸ்பன்யோலா என்ற மலையூரில் ஜூலை மாதம் பத்து மணிக்கே தகரக் கூரை முனக ஆரம்பித்துவிடும். அந்த ஷெட்டுக்குள் எலிசியோ பதினோரு வாரமாக ஒரே காரோடு மாரடித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பெர்னார்தீத்தாவின் பழைய இம்பாலா. அடியில் வெள்ளி, அதன்மேல் மாதுளம்பழச் சிவப்பு ஒன்பது கோட். இனி மேலே கிளியர் என்கிற நிறமில்லாத மினுக்குப் பூச்சை அடித்தால் முடிந்தது. அன்று காலைதான் டிக்கி மூடி ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்குத் தன் பெயரை எழுதியிருந்தான். அங்கே பெயின்டர்களுக்கு அது வழக்கம். எழுத்தின்மேல் கிளியர் போட்டுவிட்டால் அப்புறம் அழிக்க முடியாது. நல்ல வேலையென்றால் இருபது வருஷம் பேர் சொல்லும். நாறல் வேலையென்றாலும் அதே இருபது வருஷம் சொல்லும்.

முதலாளி லியாண்ட்ரோ உள்ளே வந்தான். அப்பன் செத்ததால் முதலாளி ஆனவன். வெள்ளை ஷூ. பெயின்ட் ஷெட்டுக்கு வெள்ளை ஷூவோடு வந்து, சாயங்காலம் வெள்ளையாகவே வீட்டுக்குப் போகிறவன் என்ன வேலை பார்த்திருப்பான்? கையில் இரண்டு டப்பா.

"அண்ணே, கிளியர் வந்தாச்சு. இன்னிக்கே முடிச்சிருங்க. சனிக்கிழமை ஊர் நடுவுல பிளாசாவுல கார் ஊர்வலம்."

எலிசியோ டப்பாவைத் திறந்து குச்சியை விட்டுத் தூக்கினான். வடிகஞ்சி மாதிரி ஒழுகியது. நல்ல கிளியர் குச்சியை விட்டு மனசில்லாமல்தான் இறங்கும்.

"நான் எழுதிக் குடுத்தது இதில்லையேடா. நம்ம மலை வெயிலுக்கு இது ரெண்டு கோடை தாங்காது. சிவப்பு வெளுத்து, மேல்தோலு பொரிப்பொரியா உரியும்."

"எல்லாம் ஒண்ணுதான்ணே. மேல மினுங்குனா போதும்."

"மினுங்குறதுக்கு எண்ணெய் தடவி அனுப்பேன்."

மற்ற டப்பா ஹார்டனர், கிளியரை இறுகவைக்க அதில் கலப்பது. குளிர்காலத்துக்கானது, வேகமாக இறுகும். அதை ஜூலை வெயிலில் ஊற்றினால் மேல்புறம் முதலில் மூடிக்கொள்ளும். உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் வழியில்லாமல் முட்டி முட்டி ஊசிக்கண்ணாக வெடித்து வரும். இது லியாண்ட்ரோவின் ஷூவுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அதில் காலை விட்டிருந்தவனுக்குத்தான் தெரியவில்லை.

"ஜூலைல குளிர்கால ஹார்டனரா? அப்படியே ஸ்வெட்டரும் போட்டுக்க."

"சீக்கிரம் காயும்ணே. வீடியோல பாத்தேன்."

"வீடியோல கோழிகூடத்தான் கழுகு மாதிரி பறக்கும்."

மத்தியானம் பெர்னார்தீத்தா வந்தாள். எலிசியோ பூசி மெழுகாமல் சொன்னான். "நல்ல கிளியரு சாண்டா ஃபேல இருந்து திங்கக்கிழமை வரும். மெதுவா இறுகுற ஹார்டனரு போடணும். ஒரு கோட் அடிச்சு, ஓரத்து டேப்பைத் தொட்டா விரல்ல பிசின் நூலு வராம ஆகுற வரைக்கும் பொறுத்து, அப்புறம் அடுத்த கோட். மூணு கோட். சனிக்கிழமைக்கு ஆவாது."

"என் நாத்தனா அவ காரைக் கொண்டாறா, எலிசியோ. அவ முன்னாடி நான் பள்ளிக்கூட பஸ்ஸுலயா போயி நிக்கிறது?"

"பஸ்ஸுல போனா தோலு உரியாது."

அவள் லியாண்ட்ரோ பக்கம் திரும்பினாள். "நீ முடிச்சுத் தருவியா?"

"கண்ணாடி மாதிரி தரேன்க்கா."

"அப்ப அடி."

எலிசியோ துணியைக் கிளீனரில் நனைத்துக்கொண்டு டிக்கிப் பக்கம் போனான். எழுத்து இன்னும் இறுகவில்லை. இரண்டே இழுப்பு.

"என்னண்ணே, பேரை அழிச்சிட்டீங்க?"

"அடிக்கிறவன் எழுதிக்கட்டும். இடம் விட்டிருக்கேன். ஸ்பிரே கன்னு அங்க தொங்குது பாரு."

லியாண்ட்ரோ தன் பெயரை எழுதவும் செய்தான், அதுவும் மூன்று விரல் அகலத்துக்கு. எலிசியோ வெளியே நிழலில் உட்கார்ந்து பச்சை மிளகாய் புரீட்டோவைத் தின்றுகொண்டே பெயின்ட் அடிக்கிற பூத்துக்குள் கன் சீறுவதைக் கேட்டான். மூன்று கோட்டுக்கும் நடுவில் மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. மாட்டைக் குளிப்பாட்டுகிறவன்கூட அதைவிட நிதானமாகத் தண்ணீர் ஊற்றுவான்.

சனிக்கிழமை பிளாசாவில் தூரத்துக்குக் கண்ணாடிதான். நாத்தனார் கிட்டே வந்து பானட்டின்மேல் குனிந்தாள்.

"ஏன்டி, காருக்கு அம்மை போட்டிருக்கா?"

சிவப்பு முழுக்க ஊசிக்கண். சுற்றி நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள், பிறகு எவன் அடித்தது என்று டிக்கிப் பக்கம் போனார்கள். படிக்கச் சிரமமே இல்லை.

திங்கட்கிழமை பெர்னார்தீத்தா ஷெட்டுக்கு வந்தாள். லியாண்ட்ரோ சொன்ன வணக்கம் அவள் காதில் ஏறவில்லை.

"எத்தன வாரம் ஆகும், எலிசியோ?"

"அடியில இருக்கிற வெள்ளிப் பூச்சு வரைக்கும் உரசி எடுக்கணும். மறுபடியும் பதினோரு வாரம். நான் சொல்ற கிளியரு, நான் சொல்ற ஹார்டனரு. சனிக்கிழமைங்கிற பேச்சே வரக்கூடாது."

"வராது."

எலிசியோ தண்ணீர் வாளியையும் ஒரு கட்டு உப்புத்தாளையும் காலால் லியாண்ட்ரோ முன்னால் தள்ளினான்.

"உரசுறது இவன்" என்றான்.