எல்லை தாண்டிய கழிப்பறை

அத்தான் சிறையிலிருந்து வந்த மறுநாள் காலை எங்கள் வீட்டுக் கழிப்பறைக்குள் போனார், தாழ்ப்பாள் போட்டார், லேசில் வெளியே வரவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

"அத்தான், உள்ளயே குடித்தனம் வச்சிட்டீங்களா?" என்று கதவைத் தட்டினேன்.

"வர்றேன் மாப்ள," என்று குரல் மட்டும் வந்தது.

தினமும் இதே கூத்து. நான் தையற்காரன். காலையில் கடை திறக்க வேண்டும். எனக்குப் பொறுமையும் கொஞ்சம் குறைச்சல். அதனால் கதவு உடைகிற மாதிரி தட்டுவேன்.

அக்காவைக் கட்டிய இந்த அத்தான் லாரி ஓட்டியவர். கோபத்தில் முதலாளியின் கிடங்குக்குத் தீ வைத்துவிட்டு, தானே போய் ஒப்புக்கொண்டவர். பத்து வருடத் தண்டனையில் பாதி கழிந்ததும் ஆளுநர் அம்மையார் மனமிரங்கி மீதியைக் குறைத்தார். ஆனால் நிபந்தனைகள் போட்டிருந்தார். குடிக்கக் கூடாது, அக்கம்பக்கத்தில் சண்டை கூடாது, முன்அனுமதி இல்லாமல் நகர எல்லையைத் தாண்டக் கூடாது. ஒன்றை மீறினாலும் போதும், கோர்ட்டும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். ஆளுநர் ஒரே கையெழுத்தில் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மீதி ஐந்து வருடமும் உள்ளேதான். அக்கா அந்த உத்தரவைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள். அத்தான் பலமாகத் தும்மினாலும் அதை ஒருமுறை வாசித்துப் பார்ப்பாள்.

சனியன் பக்கத்து வீட்டில் அளவுச் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தது. அங்கே ஒரு சர்வேயர். உத்தியோகம் முடிந்தும் கை சும்மா இருக்காத மனிதர். அவருக்கும் எனக்கும் சாக்கடைத் தகராறு. யார் பக்கம் எவ்வளவு என்று நிரூபிக்க அவர் சங்கிலியை இழுத்து அளந்ததில், எங்கள் துவைகல்லுக்கு அடியில் பழைய எல்லைக்கல் ஒன்று அகப்பட்டது. நகரம் துவைகல்லோடு முடிகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் எங்கள் கழிப்பறை அடுத்த ஊர்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே நகராட்சிக்கு ஒரு மனு எழுதினார். எதை எழுதினாலும் மேலிடம் வரைக்கும் நகல் அனுப்புவது அவருடைய உத்தியோகக் காலத்துப் பழக்கம். ஒரு நகல் ஆளுநர் மாளிகைக்கும் போயிற்று. அங்கே வேலையில்லாத யாரோ ஒரு குமாஸ்தா அதே முகவரி அத்தானின் கோப்பிலும் இருந்ததைக் கவனித்துத் தொலைத்தான்.

நோட்டீஸ் வந்தது. தினமும் அனுமதியின்றி நகர எல்லையைத் தாண்டியதற்காகத் தண்டனைக் குறைப்பை ஏன் ரத்து செய்யக் கூடாது, நேரில் வந்து விளக்கவும்.

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "கொல்லைக்குப் போனதுக்கு அஞ்சு வருஷமாடா?" என்றாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன். நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நன்னடத்தை அதிகாரியிடம் ஓடினோம். தங்கமான மனிதர், ஆனால் சட்டத்தைத் தாண்டி ஒரு அடி வைக்கமாட்டார்.

"எல்லை தாண்டணும்னா மூணு நாள் முன்னாடியே மனு குடுக்கணும். எத்தனை மணிக்குன்னும் எழுதணும்."

"மூணு நாள் முன்னாடி அது எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"உத்தேசமா எழுதுங்க."

அத்தான் அன்றிலிருந்து துவைகல்லைத் தாண்டவில்லை. மறுநாள் காலை தோளில் துண்டோடு சர்வேயர் வீட்டு வாசலில் போய் நின்றார். அவர்கள் கழிப்பறை வீட்டின் முன்பக்கம், எல்லைக்குள் பத்திரமாக இருந்தது.

"ஐயா, உள்ள வரலாங்களா? எங்க வீட்டுது வெளியூர்ல இருக்கு. நீங்கதான் கண்டுபிடிச்சீங்க."

சர்வேயரால் மறுக்க முடியவில்லை. அத்தான் போனார், தாழ்ப்பாள் போட்டார். சர்வேயர் வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சன்னல் வழியே பார்த்த எனக்கு, பொய் சொல்வானேன், வயிறு குளிர்ந்தது.

நாலைந்து நாளில் அவர் என் கடைக்கே வந்துவிட்டார். "தம்பி, உங்க அத்தான் உள்ள என்னதான் பண்றாரு? என் சம்சாரம் கோவிச்சுக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்கே போயிட்டா."

"இன்னும் கொஞ்ச நாள்தாங்க. அப்புறம் ஜெயிலுக்குப் போயிடுவாரு," என்று நோட்டீஸை நீட்டினேன்.

அதைப் படித்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. "நான் சாக்கடையத்தானே அளந்தேன்," என்றார். பிறகு கடைக்குள் எனக்கு ஒத்தாசையாகப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அத்தான் எதிரில் போய் உட்கார்ந்தார். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உள்ள அவ்வளவு நேரம் என்ன செய்றீங்க?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "சும்மாதாங்க உக்காந்திருப்பேன். அங்க கதவு பாதிதான், தாழ்ப்பாளும் கிடையாது. அஞ்சு வருஷமா எவனாவது ஒருத்தன் எட்டிப் பாத்துக்கிட்டே இருப்பான். இங்க தாழ்ப்பாள் போட்டா யாரும் பாக்கறதில்ல."

நான் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தினமும் நான் தட்டிய தட்டு என் காதிலேயே விழுந்தது.

விசாரணைக்கு எங்களோடு சர்வேயரும் வந்தார், சங்கிலியும் வரைபடமுமாக. துவைகல் வரலாறு முழுவதையும் ஆளுநரிடம் ஒப்பித்தார்.

ஆளுநர் அம்மையார் பொறுமையாகக் கேட்டார். "சரி, இப்ப இவர் எங்க போறார்?"

"எங்க வீட்டுக்குங்க." சர்வேயர் சங்கிலியோடு கைகூப்பினார். "அம்மா, அவருக்குக் கருணை காட்டுறீங்களோ இல்லையோ, எனக்குக் காட்டுங்க."

ஆளுநர் சட்டென்று கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கோப்பு சற்று நேரம் குலுங்கியது.

புது உத்தரவு வந்தது. ரத்து நடவடிக்கை கைவிடப்படுகிறது. நிபந்தனையைப் பொறுத்தவரை கழிப்பறையின் பின்சுவர் வரைக்கும் நகரமாகவே கருதப்படும். அக்கா அதை வாசித்துவிட்டு ஓவென்று அழுதாள், பிறகு பழைய உத்தரவின் பக்கத்திலேயே மாட்டினாள்.

மறுநாள் காலை அத்தான் துவைகல்லைத் தாண்டிப் போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் வெளியே நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"தட்டேன்டா, கடைக்கு நேரமாகலையா?" என்றாள் அக்கா.

"இருக்கட்டும்க்கா," என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்த சர்வேயர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டு வழிவிட்டார்.

"நீயாவது சீக்கிரம் வந்துடுப்பா," என்றார்.