இரண்டாம் பந்தி

"சாமி, நாளைக்கு எங்க தெருவுக்கும் முதல் பந்தியிலேயே நன்மை குடுக்கணும்."

பங்குச் சாமியாரிடம் இன்னாசியம்மாள் கேட்டே விட்டாள். பெங்களூர் பஸ் ஓசூர் வந்து சேர்வதற்குள் அவளுடைய அப்பா இராயப்பன் நாலு தடவை சொல்லியிருந்தார், என்ன வேணாப் பேசு, அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே என்று. இப்போது பக்கத்தில் நின்றிருந்தவர் துண்டை வாய்மேல் வைத்துக்கொண்டார்.

கோயில் பூட்டப்பட்டதே அந்தப் பேச்சால்தான். நாற்பத்தைந்தாம் வருஷம் ஈஸ்டர் பாஸ்குப் பூசையில் பெரிய வீதிக்காரர்கள் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கி முடிக்குமுன் அவளுடைய தெருவான ஏரிக்கரைச் சேரியிலிருந்து ஒருவர் பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியருகே போய் முட்டி போட்டார். அடிதடியில் பீடத்து விளக்கு உடைந்தது. பிஷப் மேற்றிராணியார் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். ஏழு வருஷம் கல்யாணத்துக்குப் பக்கத்து ஊர் மத்திகிரிக்கு ஓடினார்கள். செத்தவர்களைப் பூசையில்லாமல் புதைத்தார்கள். இப்போது சமாதானம் ஆகியிருந்தது. கோயிலுக்குள் இரண்டு சாதிக்கும் நடுவே இருந்த மூங்கில் தடுப்பு போகும். நன்மை மட்டும் பழையபடி: பெரிய வீதி முதல் பந்தி, சேரி இரண்டாம் பந்தி.

புதுச் சாமியார் தெற்கத்திக்காரர், சாது. கோபப்படவில்லை.

"இப்பத்தான் கதவு திறக்குதும்மா. ஒரு வருஷம் போகட்டும். பள்ளிக்கூடமும் திறக்கிறோம். நீ பி.ஏ. படிச்சிருக்கே, உன்னை விட்டா டீச்சர் வேலைக்கு யாரு?"

"ஒரு வருஷம் போனா என்ன மாறும் சாமி?"

"மனசு மாறும்."

"ஏழு வருஷத்துல மாறலீங்களே."

இராயப்பன் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். "பட்டணத்துல படிக்க வெச்சது இதுக்கா? கோயில் திறந்து பாக்காம கண்ணை மூடிருவேனோன்னு இருந்தேன் நான். கெடுத்துராதே கண்ணு." அவருக்காக ஒரு நாள் வாயைக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஞாயிறு காலையில் கதவு திறந்தபோது வௌவால் நாற்றமும் புதுச் சுண்ணாம்பு வாசனையும் சேர்ந்து வந்தன. யாரும் முண்டவில்லை. கிழவிகள் வாசற்படியைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். சாமியார் பீடத்தில் முணுமுணுக்கும் லத்தீன் ஒருவருக்கும் புரியாது. அதற்குமேல் ஜனங்கள் தமிழில் செபம் சொல்லிக்கொண்டே போவார்கள். முதலில் குரல்கள் தடுமாறின. பெரிய வீதி ஒரு வரி முந்திப் போனது, சேரி ஒரு வரி பிந்தி வந்தது. பாதிப் பூசைக்குள் இரண்டும் சேர்ந்துவிட்டன. இன்னாசியம்மாளும் அந்தக் குரலோடு சேர்ந்து சத்தமாகச் சொன்னாள். தடுப்பு இருந்த இடத்தில் தரையில் ஒரு வெளுத்த கோடுதான் மிச்சம்.

பிறகு நன்மை நேரம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். சனிக்கிழமை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தவர்களை, கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை எண்ணிவைப்பார். மறுநாள் அத்தனை அப்பம்தான் பாத்திரத்தில். கோயில் திறக்கிறதென்று பெரிய வீதிக்காரர்களின் சொந்தக்காரர்கள் வெளியூரிலிருந்து ஏழெட்டு வண்டி கட்டிக்கொண்டு விடியற்காலையில் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்கள் தங்கள் ஊரிலேயே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தவர்கள். அவர்களை யாரும் எண்ணவில்லை. எல்லோரும் முதல் பந்தியில் வந்து முட்டி போட்டார்கள்.

இரண்டாம் பந்தி எழுந்தபோது சாமியார் பாத்திரத்துக்குள் பார்த்தார். ஒரு நிமிஷம் திரும்பி நின்றார். பிறகு மிச்சமிருந்த அப்பங்களை ஒவ்வொன்றாகக் கிள்ளத் தொடங்கினார். முதலில் பாதி, அப்புறம் கால். இராயப்பன் நாக்கில் வைத்தது சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. நன்மைக்காக இரவிலிருந்து தண்ணீர்கூடத் தொடாத மனிதர், கண்ணை மூடி, அதை வாங்கிக்கொண்டு எழுந்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

வெளியே வேப்பமரத்தடியில் அவரே பேச்சைத் தொடங்கினார். "துண்டிலும் ஆண்டவர் முழுசா இருக்காரு. நீதானே சின்னதுல ஞானோபதேசத்துல ஒப்பிப்பே."

"இருக்காருப்பா. இல்லேன்னு சொல்லலே."

"அப்புறம் என்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?"

"துண்டும் முழுசும் ஒண்ணுன்னா, துண்டை அவங்க வாங்கியிருக்கலாமில்ல?"

இராயப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம் மெதுவாக, "சாமி பங்களாவுக்கு வரச் சொன்னாரு. டீச்சர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வா" என்றார்.

பங்களாவில் பெரிய வீதிச் சௌரப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். சமாதானத்துக்கு முதல் கையெழுத்து அவருடையது. "பாம்மா, கூத்துக்கோ" என்று கன்னடத்தில் நாற்காலியைக் காட்டினார். "இராயப்பன் மவ பி.ஏ.வா! எங்க வீட்டுப் பசங்க மெட்ரிக்கே மூணு தரம் எழுதறாங்க. நீ வந்தாவது ரெண்டு போடு போடும்மா."

மேஜைமேல் வேலை உத்தரவு இருந்தது. சாமியார் பேனாவை நீட்டினார். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. பேனாவை வாங்கவும் இல்லை.

"பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை எப்படி உக்கார வைக்கிறது சாமி?"

சாமியார் சௌரப்பாவைப் பார்த்தார். சௌரப்பா டம்ளரைக் கீழே வைத்தார். குரலில் சூடு இல்லை. ஊர் விவகாரம் தெரியாத குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "கோயில்ல எப்பிடியோ அப்பிடித்தான். எங்க பசங்க முன்னால, உங்க பசங்க பின்னால. பாடம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? அதுல ஒரு குறையும் வெக்கமாட்டோம்."

"கோயில்ல எப்படியோ அப்படித்தானா?"

"ஆமாம்மா."

"அப்போ முதல்ல கோயிலைத்தான் பாக்கணும்."

"அம்மா, அவசரப்படாதே" என்றார் சாமியார். "நீ முதல் பந்தியில கிராதிக்குப் போனா இந்தக் கதவு மறுபடியும் பூட்டிடும். உங்கப்பாவை நினைச்சுப் பாரு."

"நினைச்சுத்தாங்க சாமி போறேன். அவர் நாக்குல நீங்க வெச்சதைப் பக்கத்துல நின்னு பாத்தேன். பூட்டறதா இருந்தா நீங்க பூட்டிக்குங்க. நான் முட்டி போடப் போறேன், அடிக்கப் போகலை."

சௌரப்பா எழுந்தார். "ஏய், யாருகிட்டப் பேசறேன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க."

உத்தரவைத் தொடாமல் அவள் வெளியே வந்தாள். இராயப்பன் படிக்கட்டில் காத்திருந்தார். அவள் கையில் காகிதம் இல்லாததைப் பார்த்தார்.

"போட்டியா?"

"இல்லப்பா. வர்ற ஞாயித்துக்கிழமை நான் முன்னால போறேன். நீ வரணும்னு இல்லே."

அவர் ஏதோ கேட்டார். அவள் நிற்கவில்லை. சொந்தக்காரர்களின் வண்டிகளில் மாடு பூட்டிக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே புகுந்து, முக்காட்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள்.