எண்பது டிகிரி, பத்து நிமிடம்

சின்னவளும் பெரியவளும் பேசி ஒரு வருடமாகிறது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். ஒரே வீட்டில் மேல்மாடியில் ஒருத்தி, கீழே ஒருத்தி. வேலையும் ஒரே ஜீன்ஸ் தொழிற்சாலையில்தான். மேல்மாடிக்காரியான பெரியவள் தையல் பிரிவில் இடுப்புப் பட்டை வைப்பாள். சின்னவள் சலவைப் பிரிவில் துணி அலசும் டிரம் ஓட்டுவாள். சண்டை எதனால் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இரண்டுமே நம்பும்படி இருக்காது.

திங்கட்கிழமை மதியம், பட்டன் அடிக்கும் மேசையில் ஒரு பேண்ட் இடுப்போரம் கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது. பதினேழு ஆனதும் மேனேஜர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராகப் பெரியவளின் மெஷினுக்கு வந்தார். மொண்ணை ஊசியால் தைத்தால் தையலோரம் நூல் அறுந்து துணி பிளக்கும். எல்லோருக்கும் தெரிந்த குற்றம் அது.

"ஊசிய மாத்தக்கூட கை வலிக்குதா உனக்கு?"

"தினம் காலையில மாத்துறேன் சார். பழைய ஊசியெல்லாம் டப்பாவுல கிடக்கு, வேணும்னா பாருங்க."

"டப்பாவ நீயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. நாளையிலேர்ந்து வர வேணாம்."

சலவைப் பிரிவின் வாசலில் நின்று சின்னவள் எல்லாவற்றையும் கேட்டாள். முதலில் வந்தது சந்தோஷம்தான். அதைப் பூசி மெழுக ஒன்றுமில்லை.

"உன் ஓரகத்திக்கு சீட்டுக் கிழிஞ்சுது போல" என்றான் உலர்த்தும் மெஷின்காரன்.

"எனக்கென்ன வந்துச்சு? வாய்க்கொழுப்புக்கு என்னிக்காவது நடக்க வேண்டியதுதான்."

சொல்லிக்கொண்டே கழிவுக் கூடையிலிருந்து ஒரு பேண்ட்டை எடுத்தாள். அட்டையில் ஏழாம் லாட் என்றிருந்தது. சனிக்கிழமை அவள் ஓட்டிய லாட். தொடைப் பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். மக்கிய துணி போல வாய் பிளந்தது. அந்த இடத்தில் தையலே கிடையாது. ஊசி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அட்டையை இன்னொரு முறை படித்தாள்.

புது ஜீன்ஸைப் பழசு போலக் காட்டுவது என்சைம் என்கிற நொதி. வெதுவெதுப்பான தண்ணீரில் அதை ஊற்றி, நாற்பது நிமிடம் டிரம்மைச் சுற்றவிட்டால் துணியின் மேல் இழைகளைச் சாயத்தோடு நோண்டி எடுத்துவிடும். பிறகு எண்பது டிகிரிக்குச் சூடேற்றிப் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். சனிக்கிழமை ஏழும் எட்டும் என்சைமில் ஓடி முடிந்ததும் பாய்லர் படுத்துக்கொண்டது, நீராவி இல்லை. சோப்பு மாதிரி இதுவும் அழுக்கெடுத்ததும் தீர்ந்திருக்கும் என்று நினைத்து, இரண்டு முறை பச்சைத் தண்ணீரில் அலசி இறக்கினாள். லாட் அட்டையில் 'எண்பது, பத்து' என்றும் எழுதிவைத்தாள். உலர்த்தவும் நீராவி இல்லாததால் ஏழும் எட்டும் ஈரத்தோடு தள்ளுவண்டிகளில் மூடிக்கிடந்தன. ஏழாம் லாட்டைத்தான் இன்று காலை உலர்த்தியிருந்தார்கள். எட்டு அதைவிடக் கனத்த துணி, இன்னும் ஈரம்.

கிழிசலை முந்தானையில் சுருட்டிக்கொண்டு, சலவை ரசாயனம் கலக்கும் லேப்காரரிடம் போனாள். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த மனிதர், துணியைப் பார்த்ததும் கையைத் துடைத்தார்.

"சூடு குடுக்கலையா?"

"அதான் வேலை முடிஞ்சு தீர்ந்திருக்குமேன்னு..."

"அது தீராதும்மா. அதோட உடம்புல ஒரு குழி இருக்கு. பருத்தியோட இழை அதுக்குள்ள கச்சிதமா உட்காரும். உட்கார்ந்ததும் நறுக்கும். நறுக்கிட்டு விட்டுரும். தனக்கு ஒண்ணும் ஆகாம அடுத்ததைப் பிடிக்கும். ஈரமும் இழையும் இருக்கிற வரைக்கும் அதுக்கு ஓய்வே இல்ல."

"அப்ப சூடு குடுத்தா செத்துருமா?"

"சாகிறதுக்கு உயிரா இருக்கு? மடிச்சு மடிச்சு வெச்ச உருவம் அது. சூட்டுல மடிப்பு கலைஞ்சுரும். குழி போச்சுன்னா இழை எங்க உட்காரும்? அதோட சரி."

"பச்சைத் தண்ணியில அலசினேனே."

"மிதந்ததெல்லாம் போயிருக்கும். துணியக் கவ்விக்கிட்டிருந்தது அங்கேயேதான் இருக்கும்."

சின்னவள் கிழிசலை மறுபடி சுருட்டினாள். "எட்டாம் லாட்டு?"

"இந்த நிமிஷமும் தின்னுக்கிட்டிருக்கு. பாய்லர் இப்ப ஓடுதுல்ல? சத்தமில்லாம சூடேத்தி எடு. ஏழுக்கு ஊசின்னு முடிவாயிருச்சு. யாரும் உன்னைக் கேக்கப் போறதில்ல."

நல்ல யோசனைதான். அவள் எட்டாம் லாட் வண்டியை டிரம் வரை தள்ளிக்கூடப் போனாள். டிரம்மின் கதவைத் திறந்தாள். எதிரே, தையல் பிரிவில், பெரியவள் தன் நாற்காலியில் கட்டியிருந்த மெத்தையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

சின்னவள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு மேனேஜரிடம் போனாள்.

"சார், ஊசி இல்ல. நான்தான். சூடு குடுக்கல. அட்டையில பொய் எழுதினேன்."

தொடைப் பக்கத்தை அவர் முன்னாலேயே இழுத்துக் கிழித்துக் காட்டினாள். அவர் கத்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"எட்டாம் லாட்டை முடிச்சுட்டுக் கிளம்பு. ஒரு வாரம் உன் மூஞ்சி இங்க தெரியக் கூடாது. அப்புறம் வந்தாலும் நூல் வெட்டுற மேசைதான். டிரம் பக்கமே போகாத."

டிரம் ஓட்ட அவளுக்கு ஆறு வருடப் பழக்கம். சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். மேனேஜர் தையல் பிரிவுக்குப் போய், நடந்ததைச் சொல்லிப் பெரியவளை நாளைக்கு வரச் சொன்னார்.

ஈர ஜீன்ஸ் பிணக்கனம் கனக்கும். ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது மறுமுனையை யாரோ தூக்குவது தெரிந்தது. பெரியவள். இருவருமாக வண்டியைக் காலி செய்தார்கள்.

டிரம் சுழன்றது. சூடு காட்டும் முள் ஐம்பதைத் தாண்டி மெல்ல ஏறியது.

"வாய மூடிட்டு இருந்திருந்தா நான் போய்த் தொலைஞ்சிருப்பேன்" என்றாள் பெரியவள்.

"ஆமா."

"உனக்கும் குளுகுளுன்னு இருந்திருக்கும்."

"கொஞ்ச நேரம் இருந்துச்சுக்கா."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்க டிரம் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முள் எண்பதைத் தொட்டது. பத்து நிமிடம் இருவரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்து நின்றார்கள். லேப்காரர் ஒரு பேண்ட்டை உருவி, ஆறவைத்து, இழுத்துப் பார்த்தார். முனகியது, கிழியவில்லை. இன்னொன்றை எடுத்து இழுத்தார்.

"கொஞ்சம் இளைச்சிருக்கு. ஆனா கனத்த துணி, தாங்கும். இனிமே ஒண்ணும் ஆகாது."

சின்னவள் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"ஒரு வாரம் வீட்லதான கிடப்ப" என்றாள் பெரியவள். "தண்ணி விட்டா என் பக்கெட்டையும் பிடிச்சு வை."

"மேல தூக்கிட்டு வரமாட்டேன்."

"உன்ன யாரு தூக்கச் சொன்னா?"