உப்புக் குறைஞ்சு போச்சு

1

இந்தக் கதை என் அவசரப் புத்தியிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தம்பி கஜீவன் போனில், "அக்கா, சுபாங்கிக்கு உப்புக் குறைஞ்சு போச்சாம்" என்றான். சுபாங்கி அவன் மனைவி. பதினொரு வருடமாக எம்.எஸ். என்ற நரம்பு நோயோடு வாழ்பவள். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அஜின்கோர்ட்டிலிருந்து மிசிசாகாவுக்கு, அவர்கள் வீட்டுக்கு, அதைக் கொண்டுபோனேன்.

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'பனி கொட்டிய ஒரு மாலையில் விதி அவள் கதவைத்...' பனியும் கொட்டவில்லை, விதியும் வரவில்லை. ஜூலை மாதம், குழம்போடு போனது நான்தான்.)

2

உண்மையில் அவளுக்கு உப்பு குறையவில்லை, தண்ணீர் கூடியிருந்தது. உடம்பில் தண்ணீரைத் தேக்கும் ஹோர்மோனை மூளை நிறுத்தாமல் சுரந்துகொண்டிருந்தது, எம்.எஸ். செய்த வேலை. இரத்தத்திலிருந்த சோடியம் நீர்த்து ஐதாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு லீற்றருக்கு மேல் எதுவும் குடிக்கக்கூடாது என்பதுதான் டொக்டரின் கட்டளை. போனை நான் வைக்காமல் இருந்திருந்தால் கஜீவன் அதையும் சொல்லியிருப்பான்.

அவன் வேலைக்குப் போயிருந்தான். அவள் குழம்பை ருசித்துச் சாப்பிட்டாள். பிறகு தாகம். தண்ணீர், தேத்தண்ணி, திரும்பவும் தண்ணீர், எல்லாம் என் கையால்தான். இரவு அங்கேயே தங்கினேன். அடுத்த நாள் காலை கஜீவனைக் காட்டி, "உவர் ஆர்?" என்று என்னிடம் கேட்டாள்.

எம்.எஸ். முற்றிவிட்டது என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைப் பார்த்தார்கள். நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்கவேண்டிய சோடியம் நூற்றுப் பதினெட்டு. இன்னும் இறங்கினால் வலிப்பு வரும், உயிருக்கும் ஆபத்து என்றார்கள். நான் நடைபாதையில் நின்று அழுதேன். (இந்த இடத்தில் ஆசிரியர் விலகி நிற்க வேண்டுமாம். நிற்க முடியவில்லை.)

3

தேறி வந்த சுபாங்கி இந்தக் கதையின் முதல் பிரதியை வாசித்தாள்.

"மச்சாள், ஏன் என்னைச் சாக விட்டனீங்கள்?"

"கதைக்குக் கொஞ்சம் கனம் வேணுமெல்லோ."

"கனம் வேணுமெண்டால் நீங்கள் சாகுங்கோ. நான் இருக்கிறன்."

இரண்டாவது பிரதியில் அவளை முழுதாகக் குணப்படுத்தினேன்.

"எம்.எஸ். எங்க போட்டுது? மிசிசாகாவை விட்டோ?"

அவள் தாள்களைத் திரும்பப் புரட்டினாள்.

"ரெண்டிலயும் குழம்பைக் காணேல்லையே."

ஓம், மறைத்திருந்தேன். வெட்கமும் பயமும்தான் காரணம்.

"அதை எழுதுங்கோ மச்சாள். நல்ல ருசியெண்டும் எழுதுங்கோ."

நல்ல ருசி. எழுதிவிட்டேன்.

4

முடிவை மட்டும் அவளும் சொல்லவில்லை. ஆகவே அது உங்கள் வீட்டுக்கு வருகிறது. ஞாயிறு பின்னேரம், சுபாங்கி உங்களைப் பார்க்க வந்திருக்கிறாள். அன்றைய லீற்றரில் மிச்சம் நூறு மில்லிலீற்றர். அது இரவு மாத்திரைக்கு. வேண்டாம் என்றால், வெட்கப்படுகிறாள் என்று நம் ஆட்கள் இரண்டாம் முறை கேட்பார்கள். மூன்றாம் முறை கேட்காமலே கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள். கொடுத்ததைக் குடிக்காமல் வைக்க அவளுக்குத் தெரியாது.

அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். உங்கள் கை தேத்தண்ணிக் கேத்திலுக்குப் போகிறது. நான் இங்கே நிறுத்துகிறேன், நீங்களும்