நூலகச் சுவரில் பதினொரு மாதம்

எங்கள் பழங்குடி ஓவியக்கூடம் மூடப்படாமல் இருக்க, வருடத்துக்கு ஒரு 'பண்பாட்டுப் பகிர்வுப் பட்டறை' நடத்தியாக வேண்டும். இடமும் பணமும் தரும் நகரக் கவுன்சிலின் விதி அது. விண்ணப்பம் எழுதியது நான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. படிவத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. 'எங்கள் முன்னோரின் நீர்ச்சுனைக் கதையை நூலகச் சுவரில் வரைவோம்' என்று எழுதிவிட்டேன். பணமும் வந்துவிட்டது.

மேவிஸ் சித்தி தூரிகை கழுவுவதை நிறுத்தினாள்.

"யாரைக் கேட்டுடி எழுதின? அது எங்கம்மா பொறந்த வழிக்காரங்க கதை. தப்பா வரையாம பாத்துக்கறதுதான் என் வேலை. தூக்கிக் குடுக்க நான் யாரு? இதைக் காலேஜ்ல சொல்லித் தரலியா?"

அவளுடைய தாய்மாமன் கிளாரிக்குப் போன் போட்டேன். வேண்டாம் என்றார். கதைக்கு உரியவர் அவர், அவர் சொன்னால் அதுதான் முடிவு. கதையும் இல்லை, கூடமும் போகப்போகிறது, காரணம் நான்.

சனிக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். கவுன்சில் அதிகாரி அலிஸ்டர் புள்ளி போட்ட டை கட்டியிருந்தார். ஒரு அம்மாள் மதியச் சாப்பாட்டுக்குள் எங்கள் குலங்களுக்கு இருப்பதுபோல் தனக்கொரு குலவிலங்கு கிடைக்குமா என்று விசாரித்தாள்.

சித்தி சுவரில் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டாள். சுற்றிலும் குதிரை லாட வடிவங்கள். எங்கள் ஓவியத்தில் அவை உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்.

"இங்க தண்ணி அடைபட்டுப் போச்சு. சனங்க காத்திருந்தாங்க. பதினோரு மாசம். ஒரு பெரியவர் வந்து சரி பண்ணுவாருன்னாங்க. வரல."

குலவிலங்கு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். எங்கள் கூடத்துக் கழிப்பறை அடைத்துப் பதினொரு மாதம். கவுன்சிலுக்கு ஏழு கடிதம் நானே எழுதியிருக்கிறேன். அவசரத்துக்குப் பெட்ரோல் பங்குக்கு ஓடுகிறோம்.

"அந்தப் பெரியவர் யாரு?" என்று அலிஸ்டர் பயபக்தியோடு கேட்டார்.

"நீங்களே யோசிங்க தம்பி."

பன்னிரண்டு பேரும் பக்தியோடு வட்டங்களைச் சுற்றிப் புள்ளி வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு மேயர் வருகிறார், விளக்கப் பலகைக்கு வாசகம் வேண்டும் என்றார் அலிஸ்டர். தொன்மை, ஆன்மா என்று நாலு வரி அடித்துவிடலாம். அப்படிப் படிவம் நிரப்பித்தான் இந்தக் கதி. கழிப்பறைச் சங்கதியை உள்ளது உள்ளபடி எழுதி அலிஸ்டரிடம் கொடுத்தேன். ஏழு கடிதங்களின் தேதியோடு.

மறுநாள் காலை, ஞாயிறு என்றும் பாராமல், குழாய்க்காரர்கள் இரண்டு வண்டியில் வந்தார்கள். பலகை மட்டும் வரவேயில்லை. ஓவியத்தை விட்டுவைத்தார்கள், அழித்தால் காரணம் சொல்ல வேண்டுமே. திறப்பு விழாவில் மேயர் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். கூடத்துக்கு இன்னொரு வருடம் அனுமதி கிடைத்தது.

இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து கதை கேட்டால் சித்தி கழிப்பறைக் கதையை ஒளிக்காமல் சொல்கிறாள்.

"இது எங்க சொந்தக் கதை. யாருக்கு வேணா குடுப்பேன்."