பத்தாவது நிமிடம்

உயரத்தால் நெட்டை என்றே பெயராகிவிட்டவள், விடியற்காலை ஐந்து மணிக்கே நான்காவது கட்டிலின் ஈர விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். மூத்திர நெடி மூக்கைத் துளைத்தது, இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. மறதி நோய் கண்ட முதியவர்களின் இல்லம் அது. பணியாளர் ஒருவருக்கு எட்டு முதியவர்கள், முதியவர் ஒருவருக்குப் பத்து நிமிடம். அதற்குள் எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்கார்த்த வேண்டும். பத்தாவது நிமிடம் தாழ்வாரத்தில் மணி அடிக்கும். வெளிக்கதவுக்கு எண்பூட்டு, எண் முதலாளிக்கு மட்டும் தெரியும். முதியவர்கள் தொலைந்துவிடக் கூடாதென்றுதான் அந்தப் பூட்டு என்பார்கள். வேலை முடிந்தும் கதவடியில் காத்துக் கிடக்கும் நெட்டைக்கு அதில் சந்தேகம் உண்டு.

போன மாதம் ஒரு டாக்டரம்மா வந்து பயிற்சி கொடுத்தார். "பேச்சு போனவங்களுக்கு உடம்புதான் பேச்சு. எதிர்ல போங்க. கண்ணுக்கு நேரா உக்காருங்க. கையை நீட்டிட்டுக் காத்திருங்க. அவங்க கை கொடுத்தப்புறம்தான் தொடணும்." நெட்டை மண்டியிட்டபோது, "ஒட்டகம் உக்காருது பாரு" என்று கூடவே வேலை செய்யும் நாத்தனார் கிண்டலடித்தாள். பயிற்சிச் சான்றிதழை முதலாளி வாசலில் கண்ணாடி போட்டு மாட்டினார். மணி மட்டும் பழையபடியே அடித்தது.

நேற்று நடந்ததுதான் நெட்டையின் நெஞ்சை அறுத்தது. ஐந்தாம் கட்டில் தையலம்மா ஒரு காலத்தில் தையல்காரி. இப்போது ஒரு சொல்லும் மிச்சமில்லை. பயந்தால் உடுப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிடிப்பாள், அது நெட்டைக்கு அத்துப்படி. நேற்றும் குளியலறை முக்காலியில் அப்படித்தான் மடித்தாள். மணி அடித்துவிட்டது. நெட்டை பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். கிழவி திமிறினாள், ஈரத்தரை வழுக்கியது, மணிக்கட்டு முறிந்தது.

எட்டாவது ஆளை உட்கார்த்தியதும் முதலாளி கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள்.

"பயிற்சி கொடுத்தோமா இல்லையா?"

"கொடுத்தீங்க சார்."

"பின்னாலேர்ந்து தூக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"அப்ப தப்பு உன்னுதுதான். நாளைக்குக் காலைக்குள்ள கையெழுத்துப் போடு. இல்லன்னா வேலை கிடையாது."

போட்டால் வேறெந்த இல்லமும் அவளைச் சேர்க்காது. போடாவிட்டால் இங்கே இடமில்லை. துணி துவைக்கும் அறைக்குப் போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"போட்டுடறேன். பொய்யில்லையே. பயப்படறாங்கன்னு தெரிஞ்சேதான் தூக்கினேன்."

நாத்தனார் பிழிந்த துணியைத் தொட்டியில் விட்டெறிந்தாள். "நேத்து நான் எட்டுப் பேரையும் அப்படித்தான் தூக்கினேன் அண்ணி. என் ஆளுங்க விழல, அவ்வளவுதான்."

"நானும்தான்" என்றார் குண்டண்ணன், ஆண்கள் பக்கம் பார்ப்பவர். "அந்த டாக்டரம்மா சொன்னபடி செஞ்சா ஒருத்தருக்கு அரைமணி ஆகும்."

"ஆகட்டும்" என்றாள் நாத்தனார். "நாளைக்கு இங்க வேலை செய்யற ஆறு பேரும் அப்படியே செய்வோம்."

"மணி அடிக்குமே?"

"அடிக்கட்டும். மணிக்கென்ன, கை வலிக்கவா போகுது?"

குண்டண்ணன் சிரித்தார். நெட்டைக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது.

மறுநாள் விடிகாலையில் ஆறு கட்டில்களின் முன்னே ஆறு பேர் மண்டியிட்டிருந்தார்கள். மணி அடித்தது. இன்னொரு முறையும் அடித்தது. கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி தையலம்மா நெட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை கொடுக்கவில்லை.

முதலாளி ஓடி வந்தார். "என்ன கூத்து இது? மணி காதுல விழலையா? கையெழுத்து எங்கே?"

நெட்டை திரும்பவில்லை. "மெதுவாப் பேசுங்க சார், பயப்படறாங்க. பத்து நிமிஷம்தான்னு சொன்னது நீங்க. அதை எழுதி முதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க. அப்புறம் நான் போடறேன்."

"எல்லாரையும் அனுப்பிடுவேன்!"

"பார்வையாளர் நேரம் வரட்டும் சார்" என்றாள் நாத்தனார். "இவங்க பிள்ளைங்க வருவாங்க. அவங்க முன்னால சொல்லி அனுப்புங்க."

முதலாளி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மறுபடி மணி அடித்தது. நெட்டைக்கு முழங்காலில் உயிர் போனது. தனி ஆளாக இருந்திருந்தால் இந்நேரம் எழுந்திருப்பாள். அடுத்த வரிசைக் கட்டிலருகே நாத்தனார் மூச்சு வாங்குவது கேட்டது. தடுப்புக்கு அப்பால் ஆண்கள் பக்கத்தில் குண்டண்ணன் இருமினார். நெட்டை நீட்டிய கையை மடக்காமல் அப்படியே இருந்தாள்.