நன்கு அறிவோம்

1

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: வட மாகாணம், யாழ்ப்பாண மாவட்டம், கொக்குவிலில் வதியும் எழுத்தாளனாகிய நான், பூரண சுயநினைவுடனும் எவருடைய தூண்டுதலும் இன்றியும், தமிழ்ப் புனைகதையின் போக்கையே மாற்றப்போகும் ஒரு கதையை இன்று எழுதி நிறைவேற்றுகிறேன்.

இந்த வாசகம் என் சொந்தச் சரக்கல்ல. புனைகதையின் போக்கு மட்டும் என்னுடையது. மிச்சமெல்லாம் சட்டத்தரணி ஆழ்வாப்பிள்ளையின் கந்தோரில் தயாராகும் காணி உறுதிப் பத்திரங்களில் இருப்பது. அவற்றை ஆழ்வாப்பிள்ளையும் எழுதுவதில்லை. எழுதுவது அவருடைய செயலாளர் உதயகலா. கீழே கையெழுத்து மட்டும் ஐயாவுடையது.

கதை எங்கே கிடைத்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருடம் ஒரு புதன்கிழமை, என் வளவின் எல்லைப் பிரச்சினை பற்றிக் கேட்க அந்தக் கந்தோருக்குப் போய், காத்திருப்பவர்களுக்கான மர வாங்கில் இருந்தேன். இந்தக் கதைக்காக நான் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "உதயகலா ஓர் ஏழைக் குடும்பத்தில்..."

(விட்டுவிட்டேன். தகப்பன் புத்தூரில் ஒன்பது பரப்புக் காணியில் வெங்காயம் வைத்தவர். ஏழை என்றால் மனிசனுக்குக் கோபம் வரும்.)

இரண்டாவது தொடக்கம்: "போரினால் கொழும்புப் பாதை பூட்டிக்கிடந்த 2006இல், இருபத்திரண்டு வயதில் அவர் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்தபோது, வரலாறு..."

(வரலாறு ஒன்றும் செய்யவில்லை. பொறிக்கு றிபன் கிடைக்கவில்லை. பழைய றிபனுக்கு மை தடவி அடித்தார்.)

ஆகவே சாதாரணமாகச் சொல்கிறேன். பத்தொன்பது வருடத்தில் அவர் அந்தக் கந்தோரைத் தன் தலைக்குள் வைத்திருக்கப் பழகினார். வேலி இருந்த இடத்தில் மதிலும், மதில் இருந்த இடத்தில் ஒன்றுமில்லாமலும் போன காணிகளுக்கு எல்லை எழுதப் படித்தார். எந்த நீதிபதிக்கு நீளமான விண்ணப்பம் பிடிக்காது என்பதும் அவருக்குத்தான் தெரியும். வருடாவருடம் சரஸ்வதி பூசையன்று ஆழ்வாப்பிள்ளை ஆற்றும் உரையை எழுதுவதும் அவர்தான், "உதயகலா இந்தக் கந்தோரின் முதுகெலும்பு" என்ற வரி உட்பட.

3

[அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, ஆனால் அடிக்குறிப்பை யாரும் வாசிப்பதில்லை: உறுதி முடிக்கும்போது சட்டத்தரணி முன்னால் இருந்து, இரண்டு சாட்சிகள் கேட்க, அதை வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். காலையில் ஐயா நீதிமன்றத்தில் நிற்பார். ஆகவே அந்தக் கந்தோரின் வழமைப்படி வாசிப்பது உதயகலா. பின்னேரம் ஐயா வந்து, "நானே வாசித்தேன்" என்பதன் கீழ் ஒப்பமிடுவார்.]

அந்தப் புதன்கிழமை, அரியாலையிலிருந்து மரியநாயகி வந்திருந்தார். களப்பில் மீன்பிடித்தவர் ஒருவரின் விதவை, எழுபது தாண்டியவர். பெறாமகன் சுபாஸ் கூட்டி வந்திருந்தார். வீட்டுத்திட்ட அலுவலாகக் கந்தோர்களுக்கு அலைய சுபாசுக்கு ஓர் அற்றோணி அதிகாரப் பத்திரம் கொடுக்கிறோம் என்பது கிழவியின் நினைப்பு. மேசையில் இருந்ததோ, வீட்டையும் காணியையும் சுபாசுக்கே எழுதிக் கொடுக்கும் நன்கொடை உறுதி.

நேரம் பதினொன்று ஐம்பது. அந்தோனியாரை நம்புகிற குடும்பம்தான், உறுதி முடிக்கும்போது மட்டும் ராகு காலமும் பார்க்கும்.

"கெதியா கையெழுத்தை வாங்குங்கோ அக்கா. பன்ரண்டுக்கு ராகு காலம்" என்றார் சுபாஸ்.

"வாசிக்கோணும், தம்பி."

"பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும். என்ன பெரியம்மா?"

"ஓம் மோனை, நீ சொன்னாச் சரிதானே. எங்கை வைக்கிறது?"

வெளியே இன்னும் ஏழு பேர், எல்லாரும் பன்னிரண்டுக்கு முன் முடிக்க வேண்டியவர்கள். உதயகலா மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு வாங்கில் இருந்த என்னைப் பார்த்தார்.

"அண்ணை, ரெண்டாவது சாட்சிக்காறன் வரேல்லை. ஒரு கையெழுத்து வைச்சுவிடுங்கோ."

"எனக்கு ஆளைத் தெரியாதே, பிள்ளை."

"எனக்கு மட்டும் தெரியுமோ? பதினெட்டு வருசமா 'நன்கு அறிவோம்' எண்டுதானே வைக்கிறன். நீங்கள் கதையிலை எழுதுற ஆக்களை எல்லாம் தெரிஞ்சோ எழுதுறனீங்கள்?"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மரியநாயகியும் சிரித்துக்கொண்டே, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். "உறுதி முடிப்பவரை நாங்கள் நன்கு அறிவோம், அவருடைய பெயர், தொழில், வதிவிடம் எமக்குத் தெரியும்" என்பதன் கீழ் முதலில் உதயகலா வைத்தார், பிறகு நான். பதினொன்று ஐம்பத்தாறு. ராகு காலம் தப்பியது.

4

இந்த இடத்தில் உதயகலா மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை கெட்டிக்காரி வாசிக்காமல் விடுவாரா? ஒரு பிரதியில் அவரை நிறுத்தி நிதானமாக வாசிக்கவைத்தேன். பக்கம் அழகாக வந்தது. அது பொய்.

இந்த வருடம் சுபாஸ் காணி பார்க்க ஆள் கூட்டி வந்தார். கிணற்றடியில் நின்ற மரியநாயகிக்கு அன்றைக்குத்தான் விசயம் தெரிந்தது. உறுதியை ரத்துச் செய்யக் கேட்டு வழக்குப் போட்டார். உதயகலாவுக்கு அழைப்பாணை போனது. வாசிக்கவில்லை என்று அவர் சொன்னால் கிழவியின் வீடு தப்பலாம், அவருடைய வேலை தப்பாது. வாசித்தது என்றால் வேலை தப்பும், வீடு போகும்.

"ஐயா வாசிச்சவர் எண்டு சொல்லும், பிள்ளை. காணும்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"ஐயா அண்டைக்குப் பருத்தித்துறைக் கோட்டிலை வழக்குக்கெல்லோ நிண்டனீங்கள்?"

"உடம்பு அங்கை நிண்டது. பொறுப்பு இங்கை இருந்தது."

அடுத்த கிழமை கந்தோர் வாசலில் ஒரு பித்தளைப் பலகை ஏறியது: தலைமை நிர்வாகச் செயலாளர், திருமதி உதயகலா. அதை வைத்து ஒரு பக்கம் நையாண்டி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. பிறகுதான் உறைத்தது: சாட்சி என்ற இடத்தைத் தவிர, பத்தொன்பது வருடத்தில் அந்தக் கந்தோரில் அவருடைய பெயர் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை உதயகலா ஸ்கூட்டியில் கொக்குவிலுக்கு வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேற்றடியில் நின்று கதைத்தார்.

"உங்களுக்கும் அழைப்பாணை வந்திருக்குமே, அண்ணை. என்ன சொல்லப்போறீங்கள்?"

"நீங்கள்?"

"உள்ளதைச் சொல்லுவம் எண்டு நினைக்கிறன். ஆனா தனிய ஏலாது. நான் மட்டும் சொன்னா, கந்தோரிலை ஏதோ கோவம், அதுதான் சொல்லுறாள் எண்டு தள்ளிப்போடுவினம். ரெண்டு சாட்சியும் சொன்னாக் கோட்டிலை நீதிபதி கேப்பார்."

தெரியாத ஆளைத் தெரியும் என்று வைத்தது நானும்தான். ஊருக்கெல்லாம் நையாண்டி எழுதுகிறவன் பொய்ச்சாட்சி வைத்தான் என்று பத்திரிகைகள்...

"ஓம்" என்றேன். "நானும் சொல்லுறன்."

தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. "சரி அண்ணை, அப்ப வாறன்" என்று போய்விட்டார்.

6

முடிவுகள்.

(அ) உதயகலா கூண்டில் ஏறி உண்மையைச் சொல்கிறார். மன்று திகைத்து நிற்கிறது. (மன்றில் எவரும் திகைப்பதில்லை. மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பதிலேயே கவனமாக இருப்பார்கள்.) மரியநாயகி அவருடைய கையைப் பிடித்து அழுகிறார். பிறகு உதயகலா வேறு கந்தோர்களில் வேலை கேட்டுப் போகிறார். உண்மை சொல்லும் செயலாளரை எந்தச் சட்டத்தரணி வைத்திருப்பார்?

(ஆ) "ஐயா வாசிச்சவர்" என்கிறார். பலகை களிம்பேறாமல் இருக்கிறது. மரியநாயகி ஒரு பையில் உடுப்புகளோடு கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்துக்கு...

(இ) அவர் வாய் திறக்கும் கணத்தில்

இதற்கு மேல் எழுத வரவில்லை. அவருடைய சாட்சியத்துக்கு அடுத்த மாதம் வழக்குத் தவணை. முடிவை எழுதும் உரிமையை வாசகராகிய உங்களுக்கே நன்கொடையாக முடித்துத் தருகிறேன். அவரைத் துணிச்சல்காரியாக எழுதினாலும், பயந்தவளாக எழுதினாலும், கூண்டில் அவரைத் தனியாகவே நிறுத்துங்கள்.

சென்ற தவணையில் என்னை முதலில் கூப்பிட்டார்கள். உறுதி வாசிக்கப்பட்டதா என்று கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்று சொன்னேன்.